விசில் ஊதும் வரை

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் எங்கள் அலுவலக வாசலில் ஒரு பெரிய போர்டு உண்டு. 'வீரனுக்கு வேண்டிய ஏழு குணங்கள்' என்று தலைப்பு. துணிவு, நேர்மை, கட்டுப்பாடு என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் பற்பசை விளம்பரம் மாதிரி ஒருவன் சிரித்துக்கொண்டிருப்பான். அதை எழுதிய ஆள் வாழ்க்கையில் ஒரு அறைகூட வாங்கியிருக்க மாட்டான் என்று நான் பந்தயமே கட்டுவேன். ஏழு குணமும் வேண்டாம், எழுபதும் வேண்டாம். ஒரு மனுஷனைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். பதினாறு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தை நடத்துகிற சார்ஜென்ட் நான்.

ஓட்டம், உடல் சோதனை, எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்து கடைசியாக வருவது அது. ஒரே எடையுள்ள இரண்டு பேரை, அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில், நான்கு பெஞ்சுகளுக்கு நடுவில் நிறுத்துவோம். கைக்குக் கனத்த கையுறை, தலைக்கு ஒரு கவசம். எதிராளியின் முகத்தில் மட்டும்தான் அடிக்க வேண்டும். தடுக்கக் கூடாது, குனியக் கூடாது, பின்னால் நகரக் கூடாது. விழுந்தால் குற்றமில்லை, எழுந்திருக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முதல் விசிலுக்கு ஆரம்பம், இரண்டாவது விசிலுக்கு முடிவு. மேஜர் நாற்காலியில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்து மார்க் போடுவார். கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். கடிகாரமும் விசிலும் என் பொறுப்பு. நான் ஊதுகிற வரைக்கும் ஒரு நிமிஷம் என்பதுதான் அந்தத் தகரக் கொட்டகையின் சட்டம்.

அங்கே எத்தனையோ பல்லைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளியிருக்கிறேன். மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவன் மூன்றாவது குத்தில் அம்மாவைக் கூப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் பெரிதாகப் பரிதாபம் வந்ததில்லை. எல்லையில் சண்டை நடக்கிற நேரம். போன தடவை இங்கிருந்து தேர்வாகிப் போன நாற்பது பேரில் பதினொரு பேர் பெட்டியில் திரும்பி வந்தார்கள். இங்கேயே அழுகிறவன் அங்கே போய் என்ன கிழிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா போன் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை.

"டேய், அவன் உங்க ஆபீஸ்ல பேரு குடுத்துட்டாண்டா."

"யாரு?"

"யாரா? எனக்கு என்ன பத்துப் பிள்ளையா இருக்கு?"

அவளுக்கு ஒரே மகன். இருபத்திரண்டு வயது. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசிமுனை அளவு ஸ்க்ரூவை எடுத்து வைக்கிற விரல். உயரம் மட்டும் தென்னை மாதிரி வளர்ந்துவிட்டான்; சதை என்பது மருந்துக்கும் கிடையாது. அத்தானுக்குக் கை சும்மா இருக்காது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து அவரிடம் அடி வாங்கி வாங்கி, யாராவது சத்தமாகத் தும்மினாலே இவன் சுவரோரம் ஒதுங்குவான். அப்படிப்பட்டவன் துப்பாக்கி தூக்கப் போகிறானாம்.

"நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. என் பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வரணும்" என்றாள் அக்கா.

"ஊசி போட்டாலே மயங்கி விழற ஆளு அவன். கடைசி ரவுண்டுல பத்து செகண்டு தாங்க மாட்டான். நான் பாத்துக்கறேன், நீ போனை வை."

"பலமா அடிப்பாங்களாடா?"

"பெட்டியில வர்றதுக்கு மூக்கு உடைஞ்சு வர்றது பரவாயில்ல இல்லியா?"

"கொஞ்சமா அடிக்கச் சொல்லு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்கவில்லை. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதே இல்லை.

சொந்தக்காரன் வந்தால் மேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அன்றைக்கு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. அவனும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மற்ற பையன்கள் அவனுக்கு அதற்குள் 'பென்சில்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

காலையில் எடை பார்க்கிற இடத்தில் பென்சில் ஏறி நின்றான். முள் அறுபத்தொன்றில் நின்றது. மணிக்கட்டில் மார்க்கர் பேனாவால் எடையை எழுதுவது வழக்கம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்போம். நான் எழுபத்தொன்று என்று எழுதினேன். அவன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சார்" என்றான். அவ்வளவுதான்.

"அடுத்த ஆளு" என்றேன்.

ஜோடி சேர்க்கும்போது பக்கத்தில் நின்ற கார்ப்பரல் என் காதருகே வந்தான். "என்ன சார், இந்த உடம்புல எழுபத்தொன்னு எங்க ஒளிஞ்சிருக்கு?"

"எலும்பு கனம். உனக்கு என்ன, நீயா தூக்கப் போற?"

அவன் அடுத்தவனின் மணிக்கட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

எழுபத்திரண்டு எழுதியிருந்தவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தும் தோளும் ஒரே கட்டை. மனைவி மாசமாக இருக்கிறாள், ராணுவ ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிரசவம் பார்ப்பார்களாமே என்று வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தான். பென்சிலுக்குக் கையுறைக் கயிற்றைக் கட்டத் தெரியவில்லை. மூட்டைக்காரன் தன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அவனுக்குக் கட்டிவிட்டான். கட்டி முடித்து, "இறுக்கமா இருக்கா தம்பி?" என்று வேறு கேட்டான்.

இருவரையும் நடுவில் நிறுத்தினேன். மேஜர் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி விசிலை ஊதினேன்.

முதல் குத்திலேயே பென்சிலின் மூக்கு உடைந்தது. மரக்குச்சியைக் காலால் மிதித்த சத்தம். ரத்தம் மேலுதட்டில் வழிந்து வாய்க்குள் போனது. இரண்டாவது குத்தில் தலைக்கவசம் திரும்பி ஒரு கண்ணை மறைத்துக்கொண்டது. மூன்றாவதில் விழுந்தான். எட்டு செகண்டுதான் ஆகியிருந்தது. அப்படியே படுடா, என் ராஜா, அப்படியே படு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

எழுந்தான்.

மூட்டைக்காரனுக்கு அடிக்கிற முறையெல்லாம் தெரியாது. மூட்டையை லாரியில் ஏற்றுகிற மாதிரி இடுப்பிலிருந்து கையை வீசினான். ஒவ்வொரு வீச்சும் தாடையில் இறங்கியது. பென்சில் பதிலுக்கு அடித்ததெல்லாம் காற்றைத்தான். பதினெட்டாவது செகண்டில் மறுபடி விழுந்தான். எழுந்தான். இருபத்தேழில் விழுந்தான். முட்டிபோட்டு, பெஞ்சைப் பிடித்து, எழுந்தான். அடி வாங்கும்போது அவன் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சாமியைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

நாற்பதைத் தாண்டியதும் அவனுடைய இடது கண் மூடிக்கொண்டுவிட்டது. காதுக்குப் பக்கத்தில் தோல் கிழிந்து தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் ரத்தம் தெறித்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்களின் சட்டையில் விழுந்தது. ஒருவன் எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுத்தான். மேஜர் பேனாவை மூடிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது.

விசில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது. ஊதினால் அவன் நின்றுகொண்டிருக்கிறான், நின்றுகொண்டிருந்தால் பாஸ். பாஸ் என்றால் இரண்டு மாதத்தில் எல்லை. இன்னும் ஒரே ஒரு அடி விழுந்தால் போதும், படுத்துவிடுவான், அக்காவிடம் அனுப்பிவிடலாம்.

நான் ஊதவில்லை.

அறுபத்து நான்கில் அந்த அடி விழுந்தது. பென்சில் குப்புற விழுந்தான். கை இரண்டும் தரையைத் தடவின. அறுபத்தெட்டில் எழுந்து நின்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உனக்காகத்தானடா நாயே இதெல்லாம், படுத்துத் தொலையேன் என்று கத்தாத குறை.

மூட்டைக்காரன் கையை ஓங்கியவன் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"சார்?"

நான் அவனைப் பார்க்காமல் வாட்ச்சைப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம் ஆயிருச்சு சார். இதுக்கு மேல அடிச்சா இந்தத் தம்பி செத்துரும்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் கீழே இறக்கினான். எழுபத்து மூன்று.

அப்போதுதான் பென்சில் அடித்தான். அதுவரை காற்றில் அலைந்த கை நேராகப் போய் மூட்டைக்காரனின் தாடையில் இறங்கியது. மூட்டைக்காரன் திகைத்துப்போனான், கையைத் தூக்கவில்லை. இன்னொன்று. அதே இடம். ஊசிமுனை ஸ்க்ரூவைக் குறிபார்க்கிற கண் ஒன்றே ஒன்று திறந்திருந்தது, அது அந்தத் தாடையை விட்டு நகரவில்லை. மூன்றாவது. நான்காவது. மூட்டைக்காரன் பெஞ்சில் சாய்ந்தான். வாயிலிருந்து ரத்தத்தோடு இரண்டு பல் வெளியே வந்து விழுந்தன. ஐந்தாவதில் தாடை கழன்று ஒருபக்கமாகத் தொங்கியது.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் அடிக்கே நான் ஊதியிருக்கலாம். விசில் வாயில்தான் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் அக்கா மகன், தும்மலுக்கு ஒதுங்குகிறவன், அத்தனை பெரிய ஆளைச் சாய்க்கிறான் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் ஐந்து அடி போய்விட்டது. எண்பத்து நான்கில்தான் ஊதினேன்.

ஆறாவது அடிக்கு ஓங்கிய கை விசில் சத்தத்துக்கு அந்தரத்தில் நின்றது. பென்சில் கையை இறக்கி, குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக நின்றான். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

மேஜர் எழுந்துவிட்டார்.

"பாத்தியாய்யா? விசிலுக்கு ஆரம்பிச்சான், விசிலுக்கு நிறுத்தினான். நடுவுல எவன் கையை இறக்கினா இவனுக்கு என்ன? இந்த மாதிரி ஒருத்தனைப் பாத்து அஞ்சு வருஷமாச்சு."

"அந்தப் பெரிய ஆளு சார்?"

"அவனுக்கு நல்ல மனசு. நல்ல மனசுக்கு ஊர்ல வேற வேலை நிறைய இருக்கு. உத்தரவு வர்றதுக்கு முன்னாடி நிறுத்தறவன் எனக்கு வேண்டாம்." தாளை என்னிடம் நீட்டினார். "நேரம் சரியா நடந்துதுன்னு கையெழுத்துப் போடு. நாலு மணிக்குப் பட்டியல் மேலிடத்துக்குப் போகுது. ஏதாவது திருத்தம் இருந்தா அதுக்குள்ள சொல்லு."

நேரம்: ஒரு நிமிஷம் என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். நாலு மணி வரை நேரம் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எடையில் செய்த தில்லுமுல்லையும், இருபத்து நான்கு செகண்டையும், அவன் எனக்கு யார் என்பதையும் சொல்லிவிட்டால் போதும். பென்சிலின் தேர்வு ரத்தாகும். அக்கா பிள்ளை வீட்டுக்குப் போவான். மூட்டைக்காரனுக்கு நியாயம் கிடைக்கும். என் பதவிக் கோடுகளைப் பிடுங்கிக்கொண்டு, ஒன்றரை வருஷத்தில் வரவேண்டிய பென்ஷனுக்கும் ஆப்பு வைத்து அனுப்புவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மருத்துவ அறையில் பென்சிலுக்கு மூக்கில் பஞ்சு அடைத்திருந்தார்கள். கம்பவுண்டர் வெளியே போனதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா."

"எதுக்கு?"

"கூடுதல் டைம் குடுத்தீங்களே. அறுபதுல ஊதியிருந்தா நான் ஒரு அடிகூட அடிச்சிருக்க மாட்டேன்."

"அறுபதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன். அப்பா அடிக்கும்போதும் எண்ணுவேன். எண்ணினா வலி அவ்வளவா தெரியாது."

"அப்போ நிமிஷம் முடிஞ்சது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்த ஆள் கையை இறக்கினது?"

"அதையும் பாத்தேன். நீங்க ஊதலையே மாமா." அவனுடைய திறந்திருந்த ஒற்றைக் கண்ணில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. "அடிக்கும்போது நல்லா இருந்துது. என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. அந்த வீட்டுல இனிமே இருந்தேன்னா ஒருநாள் அப்பாவை நான் நிறுத்தாம அடிச்சிருவேன்."

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். பாஸ் ஆகிவிட்டான் என்று சொன்னேன்.

"விசில் உன்கிட்டதானடா இருந்துது?" என்றாள். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் தேவலை. "நீ நினைச்சா இன்னும் ஏதாவது செய்யலாமில்ல? செய்வேல்ல?"

"செய்யறேன்கா."

மணி மூன்று ஐந்து. நேராக மேஜர் அறைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூட்டைக்காரனைப் பார்த்துவிட்டால் தைரியம் வந்துவிடும் என்று தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்தபிறகு எந்த மனுஷனுக்கும் பொய் சொல்ல வாய் வராது என்று கணக்குப் போட்டேன்.

அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். தலையைச் சுற்றித் துணிக்கட்டு. முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாகிவிட்டிருந்தன. மனைவிக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். பக்கத்தில் கிடந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் மெதுவாக எழுதி என்னிடம் காட்டினான். கையெழுத்து ஆறாம் வகுப்புப் பையனுடையதுபோல் இருந்தது.

'அந்தத் தம்பி எப்படி இருக்கு சார்?'

"நல்லா இருக்கான். செலக்ட் ஆயிட்டான்."

கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பிறகு மறுபடி எழுதினான். இந்தத் தடவை நிறைய நேரம் எடுத்துக்கொண்டான்.

'நிமிஷம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு நிறுத்திட்டேன். முடியலையா சார்?'

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. சொல்லிவிட வாயைத் திறந்தேன். அக்காவின் குரல் காதில் இருந்தது; அவள் இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். அதற்கு மேலே என் பதினாறு வருஷம் ஏறி உட்கார்ந்திருந்தது. என் குடியிருப்பு, என் சீருடை, நடந்து போனால் எழுந்து நிற்கிற பையன்கள். பேடி என்று நான் எத்தனையோ பேரை அந்தக் கொட்டகையிலிருந்து துரத்தியிருக்கிறேன். பேடி எப்படி இருப்பான் என்று அன்றைக்குத்தான் உள்ளேயிருந்து பார்த்தேன்.

"முடியல" என்றேன். "இன்னும் அஞ்சாறு செகண்டு இருந்துது."

அவன் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தான். ஒரு சந்தேகமும் அவன் முகத்தில் இல்லை. சார்ஜென்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற முகம். தலையை ஆட்டிவிட்டு எழுதினான்.

'அப்ப என் தப்புதான். அடிக்க மனசு வரல. மன்னிச்சிருங்க சார்.'

நான் எழுந்தேன். கதவுவரை போனவன் திரும்பி வந்தேன். அந்தச் சீட்டை அவனிடம் விட்டுப்போகப் பயமாக இருந்தது. யாராவது படித்தால் அந்த நிமிஷம் எப்போது முடிந்தது என்று கேள்வி வரும்.

"அதைக் குடு" என்று கையை நீட்டினேன். ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டான்.